விடுதியும் அதன் பெயரும்

தாம்பரத்திலிருந்து சென்னை நோக்கி ஜி.எஸ்.டி. சாலையில் வருகிறவர்கள் குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம் ஆகிய ஊர்களைக் கடந்து பரங்கிமலையின் அடிவாரத்தை அடைவர். மீனம்பாக்கம் தொடங்கிக் கத்திப்பாரா வரையுள்ள சிறு தொலைவில் மூன்று பெரிய விடுதிகள் உள்ளன. முதலாவது டிரைடென்ட், அடுத்தது ராடிசன், மூன்றாவது லே ராயல் மெரிடியன். இம்மூன்றும் எவருடையவை என்று கேட்டால், பெயர்களைக் கொண்டு, அயல்நாட்டாருடையவை என்றே பலரும் விடை கூறுவர். அவ்விடை பொருந்தாது. ஒரு விடுதியின் வாயிலில் எழுதப்பட்டுள்ள பெயர் வேறு, அதன் உடைமை வேறு. இவ்விரண்டும் எப்பொழுது பிரிந்தன, ஏன் பிரிந்தன, அப்பிரிவினால் விளைந்த நன்மை தீமைகள் யாவை என்பனவே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். நம் ஊர்களில் ‘ஓட்டல்’ என்றால் இட்டிலியும் காப்பியும் கிடைக்கும் உணவுச்சாலை என்றே பொருள் கொள்கிறோம். நான் இங்கே கூறப்போவது வழிச்செல்வோர் வாடகை கொடுத்துத் தங்கும் விடுதியைப் பற்றி. வழிப்போக்கருக்கு இடம் அளிப்பது நமக்குப் புதியதன்று. அரசரும் வணிகரும் செல்வரும் கட்டிவைத்த சத்திரங்களும் சாவடிகளும் தமிழ்நாட்டுப் பெருவழிகள் எங்கும் இருந்தன. ஆனால் சத்திரம் அறம் கருதி எழுந்தது. விடுதி வாணிகம் கருதி எழுந்தது. சத்திரத்தைக் கட்டியவர் புகழை நாடினார். விடுதியைக் கட்டியவர் ஊதியத்தை நாடினார். வாணிகம் என்று வந்துவிட்டால் முதல், வட்டி, ஒப்பந்தம், பங்கு ஆகிய யாவும் உடன் வந்துவிடும்.

சென்னையின் பழைய விடுதிகளில் உடையவரும் நடத்துகிறவரும் ஒருவராகவே இருந்தனர். மவுண்ட் ரோட்டில் விடுதி நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர் தம் பெயரையே அதற்கு இட்டிருந்தார். அவர் விமானத்தில் வேட்கை கொண்டு, தாமே ஒன்றைச் செய்வித்து, 1910ஆம் ஆண்டில் நம் பல்லாவரத்தில் பறந்து காட்டியவர். அவருடைய விடுதி கைமாறியபொழுது பெயரும் மாறியது. புதிதாக வந்தவர் பெயரால் பொசோட்டோ என வழங்கலாயிற்று. ஆள் மாறினால் பெயர் மாறும் என்பது அக்கால வழக்கு. இதே காலத்தை ஒட்டி மற்றொரு வழக்கும் தோன்றியது. இம்பீரியல் என்றும் ஆல்பனி என்றும் முன்னர் வழங்கிய விடுதி ஒன்று, 1886 முதல் 1890 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த கன்னிமரா பிரபுவின் பெயரைப் பெற்றது. எழும்பூர் நூலகம் தாங்கி நிற்பதும் அவர் பெயரே. அவ்விடுதி ஸ்பென்சர் நிறுவனத்தாரிடம் இருந்தது. பின்னர்த் தாஜ் குழுவினரின் நிர்வாகத்திற்கு வந்தது. உடையவர் மாறினர், நடத்துவோர் மாறினர்; கன்னிமரா என்னும் பெயர் நிலைத்தது. பெயர் தனித்து வாழக்கூடிய ஒரு சொத்து என்பதை வணிகர் மெல்ல மெல்ல உணரலாயினர்.

இந்த வரலாற்றை ஒரே விடுதிக் குழுவின் வாழ்க்கையைக் கொண்டு காண்பது எளிது. மீனம்பாக்கத்து டிரைடென்ட் எந்தக் குழுவைச் சார்ந்ததோ, அந்த ஓபராய்க் குழுவையே எடுத்துக்கொள்வோம். அதனைத் தோற்றுவித்தவர் மோகன்சிங் ஓபராய். அவர் 1898இல், இன்று பாகிஸ்தானில் உள்ள பாவுன் என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஆறு திங்கள் குழந்தையாக இருந்தபொழுதே தந்தையை இழந்தார். வேலை தேடி 1922இல் சிம்லாவை அடைந்து, செசில் என்னும் பெருவிடுதியில் மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1934இல், தமக்கு மேலாளராய் இருந்து தொழில் பழக்கிய கிளார்க் என்னும் ஆங்கிலேயரிடமிருந்து அவருடைய விடுதியை ஓபராய் வாங்கினார். அதற்காகத் தம் உடைமைகளையும் மனைவியாரின் நகைகளையும் ஈடு வைத்தார். இதுவே முதல் வழி: விலை கொடுத்து வாங்குதல்.

இரண்டாவது வழி குத்தகை. கல்கத்தாவில் கிராண்ட் என்னும் விடுதி ஒன்று இருந்தது. ஏறத்தாழ 500 அறைகளைக் கொண்ட அப்பெரு மாளிகை, 1930களில் பரவிய கொள்ளைநோயால் தங்கியிருந்தோர் சிலர் இறந்தமையின் மூடப்பட்டது. மக்கள் அதன் வாயிலை மிதிக்கவும் அஞ்சினர். அதனை வாங்கும் அளவிற்கு முதல் ஓபராயிடம் இல்லை. ஆகவே 1938இல் அதனைக் குத்தகைக்கு எடுத்துத் திறந்தார். சிறிது காலத்தில் உலகப்போர் மூண்டது. கல்கத்தா நகரம் படைவீரர்களால் நிரம்பியது. கிராண்ட் விடுதியும் நிரம்பியது. கட்டடம் பிறருடையதாய் இருக்க, உழைப்பையும் திறமையையும் கொண்டு ஊதியம் காண முடியும் என்பதற்கு அது சான்றாயிற்று.

மூன்றாவது வழி பங்குகளை வாங்குதல். அசோசியேட்டட் ஓட்டல்ஸ் ஆஃப் இந்தியா என்னும் கம்பெனி அந்நாளில் சிம்லா, டில்லி, லாகூர், மர்ரி, ராவல்பிண்டி, பெஷாவர் ஆகிய இடங்களில் விடுதிகளை வைத்திருந்தது. ஒரு கம்பெனியை ஆளுவதற்கு அதன் பங்குகள் அனைத்தும் வேண்டுவதில்லை. வாக்குரிமையில் மேலோங்கும் அளவிற்குப் பங்குகள் இருந்தால் போதும். ஓபராய் 1943இல் அவ்வளவு பங்குகளைத் தேடி வாங்கினார். அக்கம்பெனியின் விடுதிகளுள் ஒன்றே, அவர் 50 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராய் அமர்ந்த செசில். இருபத்தோராம் ஆண்டில் எழுத்தர் உடையவரானார். 1949இல் ஈஸ்ட் இந்தியா ஓட்டல்ஸ் என்னும் கம்பெனி நிறுவப்பட்டது. அதுவே பின்னாளில் ஈ.ஐ.எச். என்று பெயர் சுருங்கியது.

உடைமைக்கு ஓர் இடரும் உண்டு. 1947இல் நாடு பிரிந்தது. லாகூரும் மர்ரியும் ராவல்பிண்டியும் பெஷாவரும் எல்லைக்கு அப்பால் சென்றன. அங்கிருந்த விடுதிகளை ஓபராய் சில ஆண்டுகள் விடாது வைத்திருந்தார். ஆயினும் 1965ஆம் ஆண்டுப் போரை அடுத்து அவை பகைநாட்டார் சொத்தாகக் கொள்ளப்பட்டுக் கையைவிட்டு நீங்கின. நிலத்தையும் சுவரையும் எவரும் தூக்கிக்கொண்டு எல்லை தாண்ட இயலாது. கற்ற தொழிலும் பெற்ற பெயரும் அவ்வாறல்ல. அவை மனிதனுடன் நடக்கும். விடுதித் தொழிலார் பெயரையும் நிர்வாகத்தையும் உடைமையினின்று பிரிக்க முற்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அப்பிரிவு உலக அளவில் எவ்வாறு உருவாயிற்று என்பதையும் காண்போம். கான்ராட் ஹில்டன் என்னும் அமெரிக்கர் 1919இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு சிறு விடுதியை வாங்கித் தொழிலைத் தொடங்கினார். 1949இல் போர்ட்டோ ரிக்கோத் தீவின் அரசாங்கம் தன் செலவில் ஒரு பெரிய விடுதியைக் கட்டி, அதனை நடத்தும் பொறுப்பை ஹில்டனிடம் ஒப்படைத்தது. கட்டடம் அரசாங்கத்தினுடையது, நடத்துகிறவர் ஹில்டன், ஊதியத்தில் இருவருக்கும் பங்கு. அயல்நாடுகளில் பிறர் முதலைக் கொண்டு விடுதிகளைப் பெருக்குவதற்கு அது முன்மாதிரியாயிற்று.

அடுத்த படி அதனினும் புதுமையானது. 1951இல் கெம்மன்ஸ் வில்சன் என்பவர் மனைவியோடும் ஐந்து மக்களோடும் காரில் வாஷிங்டன் நகருக்குச் சென்றார். வழியில் தங்கிய இடங்களில் தூய்மை ஒருபடித்தாய் இல்லை. குழந்தை ஒவ்வொன்றிற்கும் தனிக்கட்டணம் கேட்டனர். மனம் வெறுத்த அவர், 1952இல் மெம்பிஸ் நகரில் தாமே ஒரு விடுதியைத் திறந்து அதற்கு ஹாலிடே இன் என்று பெயரிட்டார். எந்த ஊரில் அப்பெயரைக் கண்டாலும் ஒரே வகையான அறை, ஒரே வகையான தூய்மை, ஒரே வகையான நடத்தை இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஊர்தோறும் தாமே கட்டுவதற்குப் பணம் ஏது? ஆகவே பிறர் கட்டிய விடுதிகளுக்குத் தம் பெயரைக் கட்டணத்திற்கு அளித்தார். இதனை வணிகர் ஃபிரான்சைஸ் என்பர். நாம் பெயருரிமை என்போம்.

இதனை ஓர் உழவு உவமையால் விளங்கவைக்கிறேன். ஒரு வயல் இருக்கிறது. நிலக்கிழார் தாமே உழுது பயிரிட்டால் விளைவு முழுவதும் அவருடையது. வெள்ளம் வந்தால் இழப்பும் முழுவதும் அவருடையது. நிலத்தைப் பிறருக்குக் குத்தகைக்கு விட்டால், உழுகிறவர் குத்தகையை அளந்துவிட்டு எஞ்சியதை எடுத்துக்கொள்வார். நிலக்கிழார் பயிர்த்தொழில் வல்லவர் ஒருவரை அமர்த்தி விளைவில் ஒரு பகுதியை அவருக்குத் தருவாரானால், அது நிர்வாக ஒப்பந்தம். இனி நான்காவது முறை ஒன்றைக் கருதுங்கள். நிலம், ஏர், ஆள் அனைத்தும் கிழாருடையவை. ஆனால் விளைந்த நெல்லை மூட்டை கட்டி, ஊரறிந்த ஒரு பெரிய மண்டிக்காரரின் முத்திரையை அதன்மேல் குத்தி விற்கிறார். முத்திரைக்காக மண்டிக்காரருக்கு ஒரு கட்டணம் தருகிறார். நெல் தரம் குறையாதிருக்கிறதா என்று மண்டிக்காரரின் ஆட்கள் அவ்வப்பொழுது வந்து பார்ப்பார்கள். பெயருரிமை என்பது இதுவே. விடுதித் தொழிலில் இக்கட்டணம் பெரும்பாலும் அறை வாடகை வருமானத்தில் இத்தனை விழுக்காடு என்று கணக்கிடப்படுகிறது. அதற்கு ஈடாகப் பெயரையும், உலகெங்குமிருந்து அறை பதிவு செய்துகொள்ளும் வசதியையும், செய்முறை விதிகளையும் பெயருடையவர் தருகிறார்.

ஓபராய் இந்தப் புதிய முறையை நாடியது ஏன்? 1960ஐ ஒட்டி ஜெட் விமானங்கள் பெருகின. அயல்நாட்டுப் பயணியர் இந்தியாவிற்கு மிகுதியாக வரத் தொடங்கினர். சிம்லாவிலும் கல்கத்தாவிலும் ஓபராயின் பெயர் பெரிது. நியூயார்க்கில் அதனை அறிந்தார் சிலரே. ஆகவே பான் அமெரிக்கன் விமானக் கம்பெனி 1946இல் தோற்றுவித்த இன்டர்கான்டினென்டல் குழுவோடு உடன்பாடு செய்துகொண்டு, 1965இல் டில்லியில் ஓபராய் இன்டர்கான்டினென்டல் என்னும் விடுதியைத் திறந்தார். 1973இல் பம்பாய் நாரிமன் முனையில் 35 மாடிகளோடு எழுந்த விடுதிக்கு ஓபராய் ஷெரட்டன் என்று பெயர் வந்தது. இரண்டு பெயர்களையும் கூர்ந்து நோக்குங்கள். இரண்டிலும் அயற்பெயருக்கு முன்னர்த் தம் பெயரை அவர் விடாது நிறுத்தியிருக்கிறார்.

அதனினும் முதன்மையானது அவர் 1966இல் செய்த செயல். அவ்வாண்டில் டில்லியில் விடுதித் தொழிலைக் கற்பிப்பதற்கென்றே ஒரு பள்ளியை நிறுவினார். பெயரைக் கடன் வாங்கலாம். வேலை தெரிந்த ஆட்களை என்றும் கடன் வாங்கிக்கொண்டிருக்க இயலாது. ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில், இக்குழுவின் வரலாற்றில் நான் மிகவும் போற்றுவது இப்பள்ளியையே. டில்லியிலும் பம்பாயிலும் இரவற்பெயர்கள் பின்னாளில் நீங்கின. ஓபராய் என்னும் பெயர் தனியே நின்றது. அது தாங்கி நிற்பதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருந்தார்கள்.

கற்றவர் பிறருக்கும் கற்பிப்பர். எகிப்து நாட்டில் பிரமிடுகளின் நிழலில் மீனா ஹவுஸ் என்னும் புகழ்பெற்ற விடுதி உள்ளது. அந்நாளில் அது எகிப்து அரசுக் கம்பெனியின் உடைமையாக இருந்தது. 1970களின் தொடக்கத்திலிருந்து 2012 வரை அதனை நடத்தியவர்கள் ஓபராய்க் குழுவினர். 1977இல் எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையே சமாதானப் பேச்சு நடந்த இடங்களுள் அதுவும் ஒன்று. ஒரு காலத்தில் ஆங்கிலேய மேலாளரிடம் தொழில் பயின்றவரின் குழுவினர், அயல்நாட்டு அரசின் விடுதியை நிர்வாக ஒப்பந்தத்தால் நடத்தும் நிலைக்கு உயர்ந்தனர்.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். 1988இல் மீனம்பாக்கத்தில் டிரைடென்ட் திறக்கப்பட்டது. ஓபராய் என்னும் பெயரை மிக உயர்ந்த விடுதிகளுக்கே உரியதாக வைத்துக்கொண்டு, அதற்கு அடுத்த நிலையில் உள்ள விடுதிகளுக்கு வேறு பெயர் தர வேண்டும் என்று அக்குழு கருதியது. அவ்வாறு பிறந்த பெயர் டிரைடென்ட். அதன் பொருள் முத்தலை வேல், அதாவது திரிசூலம். அருகிலேயே திரிசூலம் என்னும் ஊரும் கோயிலும் இரயில் நிலையமும் இருப்பது இனிய பொருத்தம். பெயருக்கு ஏற்ப இவ்விடுதியின் உரிமையும் மூன்று முனைகளாகப் பிரிந்து நிற்கிறது. கட்டடத்தின் உடைமை ஈ.ஐ.எச். அசோசியேட்டட் ஓட்டல்ஸ் என்னும் கம்பெனியிடம். நடத்தும் பொறுப்பு ஈ.ஐ.எச். கம்பெனியிடம், பெயரோ ஓபராய்க் குழுவினுடையது. முதலிற் கூறிய கம்பெனியின் பதிவு அலுவலகம் மீனம்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையிலேயே உள்ளது. அக்கம்பெனியின் பிற உடைமைகளுள் சிம்லாவின் செசில் விடுதியும் ஒன்று. மோகன்சிங் ஓபராய் 50 ரூபாய்ச் சம்பளம் வாங்கிய அந்த மலைநாட்டு மாளிகையின் உரிமை, நாம் அன்றாடம் பேருந்தில் கடந்து செல்லும் ஒரு முகவரியோடு பிணைந்திருக்கிறது!

2004இல் இங்கும் பெயர் மாறியது. ஈ.ஐ.எச். நிறுவனத்தார் ஹில்டன் குழுவோடு கூட்டு உடன்பாடு செய்துகொண்டனர். மீனம்பாக்கத்து விடுதி டிரைடென்ட் ஹில்டன் ஆயிற்று. பம்பாயில் இருந்த ஓபராய் டவர்ஸ் என்பது ஹில்டன் டவர்ஸ் ஆயிற்று. சுவர் அதுவே, ஆட்கள் அவர்களே. பலகை மட்டும் புதிது. அயல்நாட்டுப் பயணியரை ஈர்ப்பதே நோக்கம். 2008இல் உடன்பாடு முடிந்தது. ஹில்டன் என்னும் பின்னொட்டு நீங்கி, டிரைடென்ட் என்பது தனித்து நின்றது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2011இல், கிண்டியை அடுத்து வேறொருவர் கட்டிய புதிய கட்டடத்தின்மேல் ஹில்டன் என்னும் பெயர் ஏறியது. மீனம்பாக்கத்தில் இறங்கிய பெயர் கிண்டியில் ஏறிய இந்நிகழ்ச்சி, பெயருக்குக் கால் உண்டு என்பதைக் காட்டுகிறது.

பெயருடையவர் என்றும் ஒருவரே என்றும் எண்ணிவிட வேண்டா. ஹில்டன் என்னும் பெயரே 1964இல் இரண்டாகப் பிரிந்தது. அமெரிக்காவில் அது ஒரு கம்பெனிக்கும் பிற நாடுகளில் வேறொரு கம்பெனிக்கும் உரியதாயிற்று. அயல்நாட்டு ஹில்டன் முதலில் ஒரு விமானக் கம்பெனியிடமும், பின்னர் பிரிட்டிஷ் நிறுவனத்தாரிடமும் இருந்தது. 2006இல்தான் இரு கிளைகளும் மீண்டும் ஒன்றாயின. ஆகவே டிரைடென்ட் ஹில்டன் என்ற பலகை தொங்கிய நான்கே ஆண்டுகளில், அப்பலகையில் இருந்த அயற்பெயருக்கு உரியவர்களே மாறிவிட்டனர்.

2008ஆம் ஆண்டிற்கு மற்றொரு துயர நினைவும் உண்டு. அவ்வாண்டு நவம்பர் 26ஆம் நாள் பம்பாயில் பயங்கரவாதிகள் தாக்கிய இடங்களுள் நாரிமன் முனையின் ஓபராயும் டிரைடென்டும் இருந்தன. விருந்தினரும் ஊழியரும் உயிரிழந்தனர். டிரைடென்ட் அவ்வாண்டு டிசம்பரிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. ஹில்டன் என்னும் துணைப்பெயர் விலகிய சில திங்களுக்குள் வந்த சோதனை அது. அந்நாளில் அவ்விடுதியைத் தாங்கியது பலகையன்று, அதன் ஊழியர்களே.

பங்குகளின் வழியாக ஒரு கம்பெனியை ஓபராய் 1943இல் கைக்கொண்டார் என்று கூறினேன். அதே வழி அவருடைய குடும்பத்திற்கு எதிராகவும் திரும்பக்கூடுமன்றோ? மோகன்சிங் ஓபராய் 103 வயது வாழ்ந்து 2002இல் காலமானார். அவர் மகன் பிருத்விராஜ்சிங் ஓபராய் குழுவை நடத்திவந்தார். ஐ.டி.சி. என்னும் பெருங்கம்பெனி ஈ.ஐ.எச். நிறுவனத்தின் பங்குகளை நாளடைவில் வாங்கி, 15 விழுக்காட்டிற்குச் சற்றே குறைவான அளவில் நின்றது. அக்கால விதிப்படி 15 விழுக்காட்டை எட்டுகிறவர், மற்றப் பங்குதாரரிடமிருந்தும் குறித்த அளவு பங்குகளை வாங்கிக்கொள்ள முன்வந்து அறிவித்தல் வேண்டும். ஆகவே 15 என்னும் எண் ஒரு கோட்டை வாயில் போன்றது, ஐ.டி.சி. அவ்வாயிலருகே நின்றது. 2010 ஆகஸ்டில் ஓபராய்க் குடும்பத்தார் தம் பங்குகளில் 14.12 விழுக்காட்டை ரிலையன்ஸ் நிறுவனத்திற்கு 1,021 கோடி ரூபாய்க்கு விற்றனர். ஒரு பெரிய பங்குதாரருக்கு எதிரே மற்றொரு பெரிய பங்குதாரர் நிற்கச் செய்த ஏற்பாடாகவே வணிக உலகம் இதனைக் கருதியது. நிர்வாகம் ஓபராய்க் குடும்பத்தாரிடமே இருந்தது. இவ்வளவு நடந்தும் அறையில் தங்கியிருந்த விருந்தினர் எவரும் ஒரு மாறுதலையும் கண்டிரார். உடைமை என்பது கண்ணுக்குப் புலப்படாமலே கைமாறும் காலம் இது.

தம் பெயரை விடாது வைத்துக்கொண்ட குழுவின் கதை இது. பெயரை இரவலாகவே பெற்ற விடுதி ஒன்றின் கதையையும் கேளுங்கள். சென்னையில் டி.டி.கே. சாலையில், அடையாறு கேட் பகுதியில், 1981இல் ஹாலிடே இன் என்னும் பெயரோடு ஒரு விடுதி தோன்றியது. பின்னர் ஐ.டி.சி. நிறுவனத்தார் நடத்த, அது பார்க் ஷெரட்டன் ஆயிற்று. அப்பெயரே மக்கள் நாவில் நெடுங்காலம் நின்றது. 2015ஐ ஒட்டி அது கிரவுன் பிளாசா ஆயிற்று. ஹாலிடே இன் பெயருக்கு உரிய நிறுவனமே கிரவுன் பிளாசா பெயருக்கும் உரியது. சுற்றிச் சென்ற பெயர் தொடங்கிய வீட்டிற்கே திரும்பியது எனலாம். ஆனால் 2023 டிசம்பரில் அவ்விடுதி மூடப்பட்டது. மனையில் குடியிருப்புகள் எழுப்புவது ஊதியம் மிக்கது என்று ஆயிற்று. கிரவுன் பிளாசா என்னும் பெயர் உலகின் பிற நகரங்களில் குறைவின்றி வாழ்கிறது. நிலத்திற்கும் விலை கிடைத்துவிட்டது. பெயருக்கும் நிலத்திற்கும் நடுவே நின்று உழைத்தவர்களே வேறிடம் தேட வேண்டியவர்களாயினர். பெயரும் உடைமையும் நிர்வாகமும் பிரிந்து நிற்கும் முறையில் ஒவ்வொருவரும் தம் தம் பங்கைக் காத்துக்கொள்வர். முழு விடுதிக்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்டால் விடை கூறுவார் அரியர்.

ஜி.எஸ்.டி. சாலையின் மற்ற இரு விடுதிகளையும் இனி எளிதில் அறிந்துகொள்ளலாம். ராடிசன் விடுதியின் முழுப்பெயரில் ஜி.ஆர்.டி. என்ற மூன்று எழுத்துக்கள் உள்ளன. தியாகராய நகரில் நகை வாணிகத்தால் பெயர்பெற்ற சென்னைக் குழுவினர் அவர்கள். கட்டியவர் அவர்கள், ராடிசன் என்பது ஒப்பந்தத்தால் வந்த பெயர். 1909இல் அமெரிக்க நாட்டு மின்னியாபொலிஸ் நகரில் தோன்றிய ஒரு விடுதியின் பெயர் அது. 2018இல் சீன நாட்டு ஜின் ஜியாங் குழு அதனை விலைக்கு வாங்கியது. மெரிடியன் என்னும் பெயர் 1972இல் ஏர் பிரான்ஸ் விமானக் கம்பெனியால் தோற்றுவிக்கப்பட்டது. 2005இல் ஸ்டார்வுட் குழுவிற்கும், 2016இல் மாரியட் குழுவிற்கும் சென்றது. ஷெரட்டன் என்னும் பெயரும் இப்பொழுது மாரியட் குழுவினிடமே இருக்கிறது. பலகைகள் பலவாகத் தோன்றினும் அவற்றிற்குப் பின்னே உள்ள கைகள் சிலவே.

இம்முறை நன்றா தீதா என்று கேட்பீர்கள். ஒருசார் நன்மை உண்டு. பெருமுதல் உள்ளவர் தொழில் அறியாராயினும், அறிந்தவரின் துணையால் விடுதி நடத்தலாம். புதிதாக ஊருக்கு வரும் பயணி, அறிந்த பெயரை நம்பி இரவில் இறங்கலாம். நம் இளைஞர் உலகத் தரத்தில் பயிற்சி பெறலாம். ஒருசார் தீமையும் உண்டு. வருமானத்தில் ஒரு பகுதி ஆண்டுதோறும் பெயருக்காகவே வெளியே செல்கிறது. அன்றியும் ஒப்பந்தம் முடிகிற நாளில் பெயருடையவர் தம் பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். அதுவரை உழைத்துச் சேர்த்த நற்பெயரின் பெரும்பகுதி அவரோடு செல்லும். கற்றுக்கொள்ளாது இரவல் வாங்கியவருக்கு வெறுஞ்சுவரே எஞ்சும்.

ஓபராயின் வரலாற்றில் நாம் கொள்ளத்தக்க நெறி இங்கேதான் விளங்குகிறது. அவர் பிறர் பெயரை வாங்க நாணவில்லை; வாங்கிய காலத்தில் தம் பெயரை அழித்துக்கொள்ளவும் இல்லை. இரவற்பெயர் இருந்த ஆண்டுகளைத் தொழில் கற்கும் ஆண்டுகளாகக் கொண்டார், பள்ளி வைத்தார், ஆட்களைப் பழக்கினார். இரவல் திரும்பிய நாளில் குறைவின்றி நின்றார். தொழிலுக்கு மட்டுமன்றிக் கல்விக்கும் இது பொருந்தும். பிற நாட்டாரிடமிருந்து நூலையும் கருவியையும் முறையையும் நாம் தாராளமாகப் பெறலாம். பெறும் நாளிலேயே அவற்றைத் தாமே ஆக்கும் திறமையையும் தேடிக்கொள்ளல் வேண்டும்.

உங்களுள் பலர் தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் படிப்பை முடித்து, இச்சாலையில் உள்ள விடுதிகளிலும் கம்பெனிகளிலும் வேலைக்குச் செல்வீர்கள். சேரும் நாளில் மூன்று வினாக்களை மனத்தில் எழுப்பிக்கொள்ளுங்கள். இந்நிலமும் கட்டடமும் எவருடையவை? எனக்குச் சம்பளம் தந்து நடத்துகிறவர் எவர்? வாயிலில் உள்ள பெயர் எவருடையது, எத்தனை ஆண்டுகளுக்கு? இம்மூன்றையும் அறிந்தவன் தான் எந்த மரத்தின் எந்தக் கிளையில் அமர்ந்திருக்கிறான் என்பதை அறிவான். நான்காவது வினா ஒன்றும் உண்டு; அதனை ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொள்ளல் வேண்டும். பலகை மாறினாலும் என்னோடு வரக்கூடிய எந்தத் திறமையை இன்று நான் கற்றேன் என்பதே அவ்வினா.